இறங்கியாச்சு

அத்தியாயம் 14

சனிக்கிழமை மத்தியானம் லிஃப்ட்காரர் ஒரு காலை வீட்டுக்குள் வைத்தார். இன்னொரு கால் வாசலிலேயே நின்றது. ஷூ லேஸை அவிழ்க்க வேண்டிய விரல்கள் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. இதற்காகவே கதவுக்குப் பின்னால் காத்திருந்த டோக்கன் அக்கா, கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"குடுங்க."

"ஒரு வார்த்தை போட்டுட்டுத் தர்றேனே."

"உங்க ஒரு வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியும். சாப்பாடு ஆறிப் போற வரைக்கும் நீளும்."

பிடுங்கியே விட்டாள். பிடுங்கிய சூட்டோடு அணைத்தும் விட்டாள். அவர் வாயைத் திறந்தார், உள்ளே சின்னவள் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார், மூடிக்கொண்டார். டோக்கன் அக்கா போனைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். அந்த வீட்டு ஆண்கள் யாரும் அந்த டப்பாவைத் திறந்ததாக வரலாறு இல்லை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். டோக்கன் அக்கா பல் ஆஸ்பத்திரி ஒன்றில் முன்னறையில் உட்காருபவள். கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் டோக்கனைக் கொடுத்து, "அடுத்தது நீங்கதான்" என்று வலி குறையும்படி பொய் சொல்வதில் அவளை அடிக்க ஆளில்லை. அவள் கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். பெரிய மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். சின்னவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறாள். நன்றாகத் தெரிகிற கண்களை வைத்துக்கொண்டு மூன்று முறை பரிசோதனைக்கு வந்த ஒரு பையனை அங்கேதான் கண்டுபிடித்தாள். அவன் அம்மாவும் அத்தையும் இன்றைக்கு முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். அந்த இரண்டு பேரும் சரி என்றால் கல்யாணம்.

சின்னவளுக்குப் பயம் அவர்களைப் பற்றி இல்லை. அப்பாவைப் பற்றித்தான்.

போன வாரம் பெரியவளின் குழந்தை முதல் அடி எடுத்து வைத்தது. தாத்தா அதை வீடியோ எடுத்தார், போட்டார், எத்தனை ஹார்ட் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றார். குழந்தை தள்ளாடித் தள்ளாடி வந்து அவர் காலைத்தான் கட்டிக்கொண்டது. அவர் குனிந்து பார்க்கவே இல்லை. பெரியவள் குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனாள். அன்று சாயங்காலம் சின்னவள் அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவங்க வர்ற அன்னிக்கு நீ வீட்ல இருக்கணும்ப்பா. முழுசா இருக்கணும்."

வந்தவர்கள் கிளம்பிப் போகும்வரை போனைத் தொட மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்திருந்தார்.

லிஃப்ட்காரர் கெட்டவர் இல்லை. போன் அவரைப் பிடித்து ஆட்டியது, அவ்வளவுதான். பல் துலக்கும் முன் அது வேண்டும். சோற்றைப் பிசைந்தபடி இடது கையில் அது வேண்டும். மொட்டை மாடி மெஷின் ரூம்களையும், புறா முட்டையிட்ட மோட்டார்களையும் படம் பிடித்து, 'மேலே கீழே' என்று ஒரு குரூப்பில் போடுவார். ஊர் ஊராக இருக்கிற லிஃப்ட் மெக்கானிக்குகள் நானூறு பேர் அதில் இருக்கிறார்கள். ஹார்ட் நிறைய விழுந்தால் பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பார். குறைந்தால் படத்தையே எடுத்துவிட்டு, யாரோ திட்டியதுபோல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். அந்த நானூறு பேருக்கும் டோக்கன் அக்கா வைத்திருந்த பெயர் 'பேய்ங்க'. முகம் கிடையாது, நேரம் காலம் கிடையாது, வீட்டு ஆளைப் பிடித்துக்கொண்டு விடாது. வேறென்ன பெயர் வைப்பது?

நாலு மணிக்குப் பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். அத்தை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். சாயங்கால வகுப்பை முடித்துக்கொண்டு தனியாக வருவாராம். அதைச் சொல்லும்போதே பையனின் குரல் இறங்கியது. அந்த வீட்டில் கடைசி வார்த்தை அத்தையுடையது என்று சின்னவள் முன்பே சொல்லியிருந்தாள்.

முதல் கால் மணி நேரம் டோக்கன் அக்கா கணவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வலது கட்டைவிரல் தன்பாட்டுக்கு முழங்காலின் மேல் மேலும் கீழும் தேய்த்தது. வெறும் பாக்கெட்டை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். பையனின் அம்மா சொன்ன நகைச்சுவைக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரித்தார். சின்னவள் தேநீர்க் கோப்பையை எதற்கோ திருப்பித் திருப்பி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மாவுடைய கைப்பைக்குள் போன் கிணுகிணுத்தது. லிஃப்ட்காரரின் தலை, விசில் கேட்ட மாதிரி திரும்பியது. டோக்கன் அக்கா எழுந்து போய் ரொட்டிக் கூடையைக் காலி செய்து எடுத்து வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு எங்க வீட்ல எல்லார் போனும் இதுக்குள்ள தூங்குது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதல் தடவை வந்திருக்கிற மனுஷியிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அந்த அம்மா தன் போனைக் கூடையில் போட்டுவிட்டு, மகனுடையதையும் பிடுங்கிப் போட்டார். இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டார். கூடை படுக்கையறைக்குப் போனது, கதவும் மூடப்பட்டது.

பிறகு அந்த அம்மா லிஃப்ட்காரரைப் பார்த்து, கயிற்றை நம்பி அவ்வளவு உயரத்தில் வேலை செய்கிறீர்களே, பயமாக இருக்காதா என்று கேட்டார். சும்மா மரியாதைக்குத்தான் கேட்டார். அவர் மடை திறந்ததுபோலப் பேச ஆரம்பித்தார்.

ஒரு கட்டடத்தில் சண்டை போட்டுக்கொண்டே லிஃப்டில் ஏறிய கணவன் மனைவி நடுவழியில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். இவர் வியர்க்க விறுவிறுக்க மேலே போய்க் கதவை இழுத்துத் திறந்தால், இருவரும் தரையில் ஒட்டி உட்கார்ந்து ஒரே பழத்தைப் பாதி பாதியாகத் தின்றுகொண்டிருந்தார்களாம். இன்னும் ஒரு பத்து நிமிஷம் கழித்துத் திறக்க முடியுமா என்று அந்தக் கணவன் கெஞ்சினானாம். இவரும் கதவை மூடிவிட்டு வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாராம்.

பையனின் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சின்னவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோக்கன் அக்காவும்தான் சிரித்தாள். சிரித்து முடித்ததும் உள்ளே ஏதோ குத்தியது. இந்தக் கதையை அவள் இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறாள். நானூறு பேய்களுக்கும் நிச்சயம் முன்பே தெரிந்திருக்கும்.

அவர் மூன்றாவது கதையில் இருந்தபோது கதவு இடிபட்டது. அழைப்பு மணி அடிக்கப்படவில்லை, கதவுதான் இடிக்கப்பட்டது.

டோக்கன் அக்கா ஓடிப் போய்த் திறந்தாள். கதவளவு அகலத்தில் ஓர் ஆளும், அவர் தோளுக்குக்கூட எட்டாத ஓர் இளம்பெண்ணும் நின்றிருந்தார்கள். இருவரும் ஆரஞ்சு நிற வேலை உடுப்பில் இருந்தார்கள், தலையில் விளக்கு வைத்த ஹெல்மெட். பெரிய ஆளின் தோளில் கயிற்றுச் சுருள் கிடந்தது. ஏழு மாடியும் படியேறி ஓடி வந்ததில் அவருக்குப் பேச்சே வரவில்லை. அந்தப் பெண்தான் பேசினாள்.

"அக்கா, லிஃப்ட்காரர் வீடு இதுதானே? நீங்க பதறாதீங்க."

பதறாதே என்று சொன்னால் பதறாதவர்கள் உண்டா?

"காலைல ஏறினவர் இன்னும் இறங்கலை. போன் ஆஃப்ல இருக்கு. அந்த பில்டிங்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் தேடிட்டோம். வேற எங்கயாவது போறேன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

டோக்கன் அக்கா பதில் சொல்வதற்குள் அவர்கள் பார்வை அவளைத் தாண்டிப் போனது. கூடத்து நடுவில், வாய் நிறைய கேக்கோடு, காணாமல் போனவர் நின்றிருந்தார்.

பெரிய ஆள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டார்.

"ஏன்யா போடலை? ஒரு வார்த்தை போட்டுத் தொலைக்கறதுக்கு என்னய்யா?"

எந்த வார்த்தை என்று பையனின் அம்மா கேட்டதும் அந்தப் பெண் விளக்கினாள். இந்தத் தொழிலில் பாதி நாள் தனியாகத்தான் ஏற வேண்டும். இருட்டுக் கிணறு மாதிரி இருக்கும் அந்த இடத்தில் கால் வழுக்கினால் கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் குரூப்பில் ஒரு வழக்கம். ஏறும் முன் 'ஏறுறேன்' என்று போட வேண்டும். வேலை முடிந்து தரையில் கால் பட்டதும் 'இறங்கியாச்சு' என்று போட வேண்டும். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அந்த வார்த்தை வரவில்லை என்றால் யாராவது கூப்பிட்டுப் பார்ப்பார்கள். எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள். இன்று அந்தக் கட்டடத்தில் வாட்ச்மேனின் ஷிஃப்ட் வேறு மாறிவிட்டது. இவர் வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை. நேரில் வந்தவர்கள் போக, வெளியூர்களில் முப்பது பேர் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்களாம்.

டோக்கன் அக்கா ஆடிப்போனாள். வாசலில் அவர் போடவிருந்த ஒரு வார்த்தை அதுதான். அதற்குள் பிடுங்கி அணைத்தவள் அவள்தான்.

"சார்ஜ் தீந்து போச்சுப்பா" என்றார் லிஃப்ட்காரர், அவளைப் பார்க்காமல்.

அவளைக் காப்பாற்றுகிறார். வந்திருப்பவர்கள் எதிரில் மனைவி தலைகுனியக் கூடாதென்று பழியைப் பேட்டரி மேல் போடுகிறார்.

"தீரலை. நான்தான் பிடுங்கி ஆஃப் பண்ணினேன்" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது இதான் விஷயம்னு சொல்லியிருக்கலாமில்ல? இத்தனை பேர் தேடுவாங்கன்னு?"

லிஃப்ட்காரர் கேக்கை விழுங்கினார்.

"தேடுவாங்கன்னு எனக்கே தெரியாதும்மா. தினம் இறங்கியாச்சுன்னு போடுவேன். யாராவது பாத்தாங்களா, ஹார்ட் விழுந்துதான்னு பாத்துட்டே உக்காந்திருப்பேன். அவ்வளவுதான்."

சின்னவள் எழுந்து போய் அப்பா பக்கத்தில் நின்றாள்.

"எங்ககிட்ட ஏம்ப்பா சொன்னதே இல்லை, இறங்கியாச்சுன்னு?"

"நீங்கள்லாம் வேலையா இருப்பீங்க. இதைப் போய் என்ன சொல்றதுன்னு..."

டோக்கன் அக்கா மனதுக்குள் தேடிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், வீட்டுக்குள் வரும் மனுஷனிடம் பால் வாங்கினீர்களா, பில் கட்டினீர்களா என்று கேட்டிருக்கிறாள். பத்திரமாக இறங்கினீர்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. முன்பின் தெரியாத நானூறு பேர் தினமும் கேட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேய்கள் இப்போது மூச்சிரைக்க அவள் வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்கு முழங்கையில் சிராய்ப்பு வேறு.

"உள்ள வாங்க. முதல்ல தண்ணி குடிங்க" என்றாள், சற்று அதட்டலாகவே.

அதன் பிறகு அந்தக் கூடம் கூடமாக இல்லை, கல்யாண வீடாக மாறியது. நாற்காலி போதாமல் பையன் தரைக்கு இறங்கினான். பையனின் அம்மா விருந்தாளி என்பதையே மறந்து கேக்கை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய ஆளுக்கு குரூப்பில் பெயர் 'சரக்கு', கிடங்குகளின் சரக்கு லிஃப்ட்களைப் பார்ப்பவர். அந்தப் பெண் 'கண்ணாடிக் கூண்டு', வணிக வளாகங்களில் வெளியே தெரிகிற கண்ணாடி லிஃப்ட்களுக்கானவள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று டோக்கன் அக்கா அவர்கள் போன்களையும் வாங்கிக் கூடையில் போட்டாள். போட்ட ஐந்தாவது நிமிஷம் சரக்கின் கை பாக்கெட்டைத் தேடியது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"உனக்குமா?"

சரக்கு அசடு வழிந்தார். மற்றவர்கள் இறங்கினார்களா என்று பார்க்கத்தான் போனை எடுப்பாராம். பார்த்து முடித்ததும் வைக்க மனம் வராதாம். கடைசியில் யாரோ ஒருவருடைய நாய் குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். கண்ணாடிக் கூண்டும் ஒப்புக்கொண்டாள். புது ஹெல்மெட்டோடு அவள் போட்ட படத்துக்கு ஹார்ட் சரியாக விழவில்லை. அந்த ஹெல்மெட்டையே மாற்றிவிட்டாள். பையனின் அம்மா தன் பங்குக்கு, தான் சமையல் வீடியோ பார்த்தபடி சமையலைக் கருக்கிய கதையைச் சொன்னார். இவ்வளவு பேருக்கு ஒரே வியாதி என்று தெரிந்ததில் எல்லோருக்கும் ஏதோ பரிசு விழுந்த மாதிரி சந்தோஷம். லிஃப்ட்காரரின் கட்டைவிரல் எப்போது நின்றது என்று டோக்கன் அக்கா கவனிக்கவில்லை. நின்றிருந்தது.

அவள் எழுந்து போய் அரிசி டப்பாவைத் திறந்தாள். போனை ஊதித் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"போட்டுடுங்க. அந்த முப்பது பேரும் பாவம், இன்னும் பயந்துக்கிட்டு இருப்பாங்க."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இவங்க கிளம்பற வரைக்கும் தொட மாட்டேன்னு பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நீயே போடு."

அவள் போனைத் திறந்தாள். பூட்டு எண் பெரியவளின் குழந்தை பிறந்த தேதி என்று அவர் சொன்னார். ஒற்றை விரலால் எழுத்துத் தேடி 'இறங்கியாச்சு' என்று போட்டாள். அடைத்து வைத்திருந்த செய்திகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து கொட்டின. எங்கே இருக்கீங்க, பதில் போடுங்க, சாமி கும்பிட்டுட்டு இருக்கோம். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"பெரியவர்னு யாரு?"

கண்ணாடிக் கூண்டு கேக்கைக் கீழே வைத்தாள். "குரூப்லயே மூத்தவர், எங்களோட வேன்ல வந்தார். மூட்டு வலி, படி ஏற முடியாது, லிஃப்ட்ல வரேன்னார்." அவள் முகம் வெளுத்தது. "இன்னும் வரலை இல்ல?"

டோக்கன் அக்கா சத்தமாகப் படித்தாள். "உங்க பில்டிங்லயே மாட்டிக்கிட்டேன். அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல. யாராவது பாருங்கப்பா." அடுத்தது: "ஏன் ஒருத்தரும் பாக்க மாட்டேங்கறீங்க?" அதற்கடுத்தது: "கூட ஒரு அம்மா இருக்காங்க. ரொம்பத் திட்டறாங்க. டிரைவிங் ஸ்கூலாம்."

"அத்தை!" என்று பையனும் அவன் அம்மாவும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

பார்க்கத்தான் யார் இருந்தார்கள்? நாட்டிலேயே முதல் தடவையாக ஒரு வீட்டில் அத்தனை பேரும் போனைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரம் அது. லிஃப்டுக்குள் அபாய மணி இருக்குமே, அடித்திருக்கலாமே என்று பையன் கேட்டான். லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மணி வேலை செய்யவில்லை என்று கீழ்வீட்டுக்காரர் அவரிடம் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதோ என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு, இவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் தப்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கதவோரம் கிடந்த கருவிப் பையைத் தோளில் மாட்டினார். சரக்கை மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போகச் சொன்னார், கண்ணாடிக் கூண்டை ஆறாவது மாடிக் கதவில் நிற்கச் சொன்னார், பையனை அவளுக்கு விளக்குப் பிடிக்க அனுப்பினார். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. டோக்கன் அக்கா இந்த மனுஷனை வேலை இடத்தில் பார்த்ததே இல்லை. சின்னவள் அப்பாவின் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டாள். அவர் படிகளில் இறங்கி ஓடினார், அவளும் பின்னால் ஓடினாள். போன் மனைவி கையில் மினுங்கி மினுங்கி அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் பையனின் அம்மாவும் டோக்கன் அக்காவும் மட்டும் மிஞ்சினார்கள். கீழேயிருந்து இரும்பில் தட்டும் சத்தம் வந்தது. அதற்கும் மேலாக, கியர் தெரியாதவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது என்கிற மாதிரி ஒரு பெண் குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. அத்தை திடமாகத்தான் இருக்கிறார். வெளியே வந்ததும் இந்தக் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்லப்போகிறாரோ!

குரூப்புக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று டோக்கன் அக்கா எழுதினாள்: 'அவர் நல்லா இருக்கார். பெரியவரை எடுக்கப் போயிருக்கார். நான் அவர் வீட்டுக்காரி.'

ஒரு ஹார்ட் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் விழுந்தன. அவளுக்கு நெஞ்சுக்குள் வெதுவெதுவென்று ஏதோ பரவியது. பல் ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் எத்தனை பேரை உட்கார வைத்து அனுப்பியிருக்கிறாள், யார் அவளுக்கு ஒரு ஹார்ட் கொடுத்தார்கள்? யாரோ எழுதினார்கள்: 'அக்கா, நீங்கதானா அது? உங்களைப் பத்தி அவர் போட்டதெல்லாம் நாங்க படிச்சிருக்கோமே.' இன்னொருவர், 'அந்த மழை நாள் கதை அக்காவுக்குத் தெரியுமா?' என்று கேட்டு, கூடவே ஒரு சிரிப்பைப் போட்டார்.

எந்த மழை நாள்? என்ன கதை? என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறார் இந்த மனுஷன்? டோக்கன் அக்கா சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். கட்டைவிரலால் மேலே தள்ளினாள், இன்னும் மேலே தள்ளினாள்.

பையனின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து நீங்க, வாங்க என்று மட்டும் பேசியவர், மெல்லச் சிரித்தபடி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அத்தை என்ன சொன்னாலும் சரி, நான் முடிவு பண்ணிட்டேன், சம்பந்தி" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் வீடே காலையிலிருந்து அல்லாடியது. டோக்கன் அக்காவின் காதில் அது விழவே இல்லை.